305 எங்கே?

அத்தியாயம் 6

மேலதிகாரி விண்ணப்பக் கோப்பை மூடிய வேகத்தில் மேசைமேல் இருந்த டீ டம்ளர் ஒரு குதி குதித்தது.

"'இது எல்லாருக்கும் தெரிந்ததே.' இப்படி ஒரு வரி எழுதிக் குடுத்திருக்கீங்க. காப்புரிமை ஆபீஸ்ல பதினாறு வருஷம் குப்பை கொட்டினவங்க எழுதற வரியா இது?"

"எல்லாருக்கும் தெரிஞ்சதை வேற எப்படி சார் எழுதறது?" என்றாள் கத்தரி.

அவளுக்கு ஆபீசில் அதுதான் பெயர். மென்பொருள் விண்ணப்பங்களைப் பரிசோதிப்பது அவள் வேலை. 'உலகத்திலேயே நான்தான் முதலில் கண்டுபிடித்தேன்' என்று கம்பெனிகள் நீட்டி முழக்கி வருவதை நறுக் நறுக்கென்று வெட்டி அனுப்பி அனுப்பி, பெற்றவர்கள் வைத்த பெயரை எல்லோரும் மறந்துவிட்டார்கள். கோபம் வந்தால் காது மடல் சிவக்கும். இப்போது இரண்டும் சிவந்திருந்தன.

"ஆதாரம் வேணும்மா, ஆதாரம்! அவங்க விண்ணப்பம் போட்டது நாலு வருஷத்துக்கு முன்னாடி. அந்தத் தேதிக்கு முன்னால எவனோ எழுதி, யாரு வேணா படிக்கற மாதிரி வெளியில கிடந்த காகிதம் ஒண்ணு கொண்டாங்க. நிராகரிக்கறேன். நாலரைக்கு விசாரணை. காகிதம் வரலைன்னா காப்புரிமையைக் குடுத்துட்டு நான் வீட்டுக்குப் போறேன்."

மணி பன்னிரண்டு பத்து. கத்தரி கோப்பைப் பறித்துக்கொண்டு வெளியே வந்தாள். கதவை அவள் சாத்திய விதத்தைப் பற்றித் தனியாகப் புகார் எழுதலாம்.

விஷயம் இவ்வளவுதான். டாக்டரிடம் போகிறோம். டோக்கன் வாங்கிக்கொண்டு உட்கார்கிறோம். நம் எண்ணைக் கூப்பிடும்போது நாம் இல்லை, பாத்ரூம் போயிருக்கிறோம். திரும்பி வந்தால் வரிசையின் கடைசிக்குத் துரத்தாமல், மூன்று பேருக்குப் பின்னால் நம்மைக் கூப்பிடுகிறார்கள். இதைச் செய்யும் மென்பொருளுக்குத்தான் ஒரு கம்பெனி காப்புரிமை கேட்டிருந்தது, நாற்பத்திரண்டு பக்கத்தில். 'மூன்று என்னும் எண், கண்டுபிடிப்பாளரின் பதினெட்டு மாத இடையறாத ஆய்வில் கண்டறியப்பட்டது' என்று பதினோராம் பக்கம் சொன்னது. அந்த வரியைப் படிக்கும்போதெல்லாம் கத்தரிக்கு வயிறு எரியும்.

அவளாவது எரிச்சலோடு வீட்டுக்குப் போகலாம். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்த நர்சுக்கு அந்த வசதி இல்லை. பொது மருத்துவமனை நர்ஸ். ராத்திரி டியூட்டி முடிந்த பகல்களில் தானே புரோகிராம் எழுதக் கற்றுக்கொண்டு, டோக்கன் வரிசைக்கு ஒரு மென்பொருள் எழுதி, முப்பது நாற்பது சின்ன கிளினிக்குகளுக்குச் சும்மா கொடுத்தவள். அதுவும் இதே மூன்று பேர் கணக்குதான். ஆனால் அவள் எழுதியது கம்பெனி விண்ணப்பம் போட்ட மறு வருஷம். கம்பெனியிலிருந்து மிரட்டல் கடிதம் வந்தது. மருத்துவமனை நிர்வாகம் நடுங்கிப்போய் அவளை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து இன்றோடு பதினோரு வாரம். இன்றைக்குக் காப்புரிமை கிடைத்தால் அவளுக்கு நிரந்தரமாக வேலை போகும். கிடைக்காவிட்டால் திரும்பப் போகலாம். அப்படித்தான் எழுத்தில் கொடுத்திருந்தார்கள்.

"என்ன மேடம் சொன்னாரு?" என்று எழுந்தாள் நர்ஸ்.

"இருங்க" என்று சொல்லிவிட்டுக் கத்தரி தன் அறைப்பக்கம் நடந்தாள்.

அறைக்குள் குண்டூசி ஏழாவது முறையாகத் தேடல் பட்டியலைப் புரட்டிக்கொண்டிருந்தான். பழைய ஆவணங்களைத் தேடிக் கொடுக்கும் உதவியாளன். ஐம்பது வயது, நாற்பத்தெட்டு கிலோ. வாய் மட்டும் தனியாகப் பத்து கிலோ இருக்கும்.

"ஆயிரத்து நூறு ஆவணம் பார்த்தாச்சு மேடம். ராக்கெட்டைத் திருப்பிக் கீழ இறக்கறதுக்கு நாப்பது கட்டுரை இருக்கு. ஒண்ணுக்குப் போயிட்டு வந்த மனுஷனைத் திருப்பி எங்க உக்கார வைக்கறதுன்னு ஒரு புண்ணியவானும் எழுதலை."

"ஏன்யா எழுதணும்? தண்ணி பள்ளத்துக்கு ஓடும்னு எவனாவது கட்டுரை எழுதுவானா? தெரிஞ்சதை யாரும் எழுத மாட்டான். எழுதலைங்கறதால அது இவனுங்க கண்டுபிடிப்பாம்! ஊருக்கே தெரிஞ்சதுன்னா எனக்குக் காகிதம் இல்லை. ஒருத்தனுக்கு மட்டும் தெரிஞ்சிருந்தா கட்டுக்கட்டா காகிதம் இருக்கும். என்ன சட்டம்யா இது!"

"கோப்பைக் கிழிச்சுடாதீங்க மேடம். அது ஒரே பிரதிதான்."

கத்தரி கையைத் தளர்த்தினாள். கசங்கிய பக்கத்தில் படம் மூன்று இருந்தது. ஒரு காத்திருப்புக் கூடத்தின் கோட்டுப்படம். எரிச்சலில் அதையே முறைத்துக்கொண்டிருந்தவள், சட்டென்று பேனாவை எடுத்தாள்.

"குண்டூசி, படத்துல இருக்கற நம்பருக்கெல்லாம் விளக்கத்துல என்ன போட்டிருக்கு, படி."

"301 நாற்காலி. 302 கதவு. 303 திரை. 304 கவுண்டர். 306 தூண். 307 பொருள்களைத் தொங்கவிடும் கொக்கி."

"305 எங்கே?"

குண்டூசி மறுபடி படித்தான். விளக்கத்தில் இல்லை. படத்தில் மட்டும் இருந்தது. கவுண்டருக்குப் பின்னால் சுவரில் ஒரு வெறும் செவ்வகம், பக்கத்தில் குட்டியாக 305.

"படத்துல நம்பர் போட்டா விளக்கத்துல அதுக்கு ஒரு வரி வேணும். இந்தத் தொழிலோட அரிச்சுவடி இது" என்றாள் கத்தரி. "வரி இருந்திருக்கு. யாரோ பதறிப்போய் அடிச்சிருக்காங்க. படம் வரையறவன் வேற ஆள். நம்பரை அழிக்கச் சொல்ல மறந்துட்டாங்க. சுவர்ல மாட்டியிருந்த அது என்ன? அதைச் சொன்னா ஏன் இவங்களுக்கு உதறுது?"

"கடவுள் படமா இருக்கும். பொய் சொல்றதை அவர் பார்க்க வேண்டாம்னு எடுத்திருப்பாங்க."

"இந்தக் கொக்கியைப் பாரு. ஒவ்வொரு நாற்காலிக்கும் பக்கத்துல ஒண்ணு. உக்கார்ந்தவன் தோள் உயரத்துல. குடை மாட்டறதா இருந்தா வாசல்ல இருக்கும். சட்டை மாட்டறதா இருந்தா தலைக்கு மேல இருக்கும். உக்கார்ந்துக்கிட்டே கைக்கெட்டற மாதிரி எதைய்யா மாட்டுவாங்க?"

குண்டூசி படத்தின்மேல் குனிந்தான். "ஊன்றுகோல்!"

"எலும்பு டாக்டர். இது எவனோ கற்பனையில வரைஞ்ச கூடம் இல்லை. நிஜமா ஒரு கிளினிக்கைப் போட்டோ எடுத்து மேல டிரேஸ் பண்ணியிருக்கான்."

நர்சைக் கூப்பிட்டுப் படத்தைக் காட்டினார்கள். அவளுக்கு அரை நிமிஷம்கூட ஆகவில்லை.

"நடுக்கூடத்துல இப்படித் தூண் நிக்கறது பஸ் டிப்போ பின்னாடி இருக்கற எலும்பு கிளினிக்தான் மேடம். டிரெயினிங்ல அங்க ரெண்டு மாசம் இருந்தேன். இந்த மூணு பேர் வழக்கத்தையே அங்க கம்பவுண்டர் அண்ணன்கிட்டதான் பார்த்தேன்."

"சுவர்ல என்ன இருந்துச்சு?"

"போர்டு. 'கூப்பிடும்போது இல்லாதவர் மூன்று பேருக்குப் பின் கூப்பிடப்படுவார்'னு பெருசா."

கத்தரி அவளை ஒரு பார்வை பார்த்தாள். "இதை ஏம்மா முன்னாடியே சொல்லலை?"

"அதுல என்ன மேடம் இருக்கு? எல்லா இடத்துலயும் அப்படித்தானே!"

மேலதிகாரியிடம் நேரில் பார்வையிடும் அனுமதிச் சீட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, மூவரும் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றரை.

தூண் இருந்தது. கொக்கிகள் இருந்தன, நான்கில் ஊன்றுகோல்கள் தொங்கின. கவுண்டருக்குப் பின்னால் சுவரில் போர்டு இல்லை. சுற்றிலும் மங்கிப்போன பச்சைச் சுவரில், ஒரு செவ்வகம் மட்டும் புதுப் பச்சையாக இருந்தது. நான்கு மூலையிலும் ஆணி பிடுங்கிய ஓட்டை. பக்கத்தில் பளபளவென்று கம்பெனி முத்திரையோடு ஒரு திரை.

"நாலு வருஷம் ஆச்சும்மா" என்றார் கம்பவுண்டர். பருத்த மனிதர், குரல் மட்டும் கூடம் முழுக்க எட்டும். "சும்மாவே திரை மாட்டித் தர்றோம்னு வந்தானுங்க. போர்டுக்குப் புதுசா பெயின்ட் அடிச்சுத் தர்றோம்னு கழட்டி எடுத்துட்டுப் போனானுங்க. போனது போனதுதான்."

"மூணு பேருங்கறதை யாரு முடிவு பண்ணது?"

"நான்தான். கால் உடைஞ்சவன் பாத்ரூம் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகும்? உள்ள ரெண்டு பேர் பார்த்துட்டு வர்ற நேரம். ரெண்டுன்னு வெச்சா அவன் விழுந்தடிச்சு ஓடி வந்து இன்னொரு காலையும் உடைச்சுக்கறான். அஞ்சுன்னு வெச்சா என் சட்டையைப் பிடிக்கறான். அதனால மூணு. இதுக்கு ஆராய்ச்சியா பண்ணுவாங்க?"

"பதினெட்டு மாசம் பண்ணாங்களாம்" என்றான் குண்டூசி. "நீங்க எவ்வளவு நாள்ல கண்டுபிடிச்சீங்க?"

"ஒரு காலைல. ரெண்டு பேர் அடிச்சுக்கிட்டாங்க, அன்னைக்கே வெச்சேன்."

"அண்ணே, போர்டு இருந்துச்சுன்னு காட்டப் பழசு ஏதாவது? தேதி போட்டது?" என்று நர்ஸ் கெஞ்சினாள். டோக்கன்? அட்டை வில்லைகள், தேதி கிடையாது. போட்டோ? யாரும் எடுக்கவில்லை. பெயின்டர்? ஊரைவிட்டே போய்விட்டார். நர்ஸ் ஒரு நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

கத்தரிக்குக் கோபம் தலைக்கேறியது. ஊர் பார்க்கச் சுவரில் தொங்கியதைக் கழற்றிக்கொண்டு போய்த் தன்னுடையது என்கிறான். இந்தப் பெண் கட்டின வீட்டிலிருந்து அவளையே கிளம்பு என்பதுபோல, அவள் எழுதின புரோகிராமுக்காக அவள் வேலையையே பறிக்கிறான். அதற்கு அரசாங்க முத்திரையை நான் குத்த வேண்டும்! கவுண்டர் ஓரமாக நூலில் கட்டித் தொங்கிய புகார் புத்தகத்தை வெடுக்கென்று இழுத்தாள்.

"யாரைப் பத்தி மேடம் புகார்?" என்று பதறினார் கம்பவுண்டர்.

"போர்டைத் தூக்கிட்டுப் போனவனைப் பத்தி! உங்க புத்தகத்துலயாவது இருக்கட்டும். உள்ள இருக்கற கோபத்தை எங்கயாவது எழுதித் தொலைச்சாத்தான்..."

பேனா பாதி வழியில் நின்றது.

"குண்டூசி. தெரிஞ்சதை யாரும் எழுத மாட்டான்னு சொன்னேன் இல்ல? தப்பு. கோபம் வந்தவன் எழுதுவான்."

அவன் அதற்குள் புத்தகத்தின் முதல் பக்கத்துக்குத் தாவியிருந்தான். எட்டு வருஷத்துப் புகார்கள். மின்விசிறி ஓடவில்லை, டாக்டர் தாமதம், கம்பவுண்டர் கத்துகிறார், கம்பவுண்டர் ரொம்பக் கத்துகிறார். ஒவ்வொன்றின் கீழும் சிவப்பு மையில் அவருடைய பதில். மாதம் முடிந்ததும் டாக்டரின் கையெழுத்து, தேதி முத்திரை.

முப்பத்து நான்காம் பக்கத்தில் குண்டூசியின் விரல் நின்றது. தேதி, விண்ணப்பத்துக்கு மூன்று வருஷம் முன்னால்.

'என் எண் 19. சிறுநீர் கழிக்கச் சென்று திரும்புவதற்குள் அழைத்துவிட்டு, மூன்று பேருக்குப் பின்தான் என்கிறார் இங்குள்ளவர். சுவரில் போர்டு எழுதி மாட்டிவிட்டால் நியாயமாகிவிடுமா? இந்த மூன்று பேர் கணக்கைப் பார்க்க ஓர் ஆள் வேறு, அவருக்கு இவ்வளவு திமிர் வேறு. ஒரு கம்ப்யூட்டரில் போட்டால் வராதவரின் எண்ணைத் தானே மூன்று இடம் தள்ளி வைக்கும். புரோகிராம் எழுதத் தெரிந்த எவனும் அரை நாளில் எழுதிவிடுவான்.'

கீழே சிவப்பில்: 'மூன்று பேர் என்பது எல்லாருக்கும் ஒன்றுதான். போர்டைப் பார்க்கவும். கத்தாமல் உட்காரவும்.'

நர்ஸ் எழுந்து வந்து கண்ணைத் துடைத்துக்கொண்டு படித்தாள். கத்தரியோ கடைசி வரிக்கும் கீழே போய்விட்டிருந்தாள். அங்கே இருந்ததைப் பார்த்தவுடன் புத்தகத்தைப் பட்டென்று மூடினாள்.

"டாக்டர்கிட்ட சொல்லிட்டுப் புத்தகத்தோட நீங்களும் கிளம்புங்க" என்றாள் கம்பவுண்டரிடம். "சாட்சி சொல்லணும். எவ்வளவு வேணா கத்தலாம்."

நாலரைக்கு விசாரணை அறையில் கம்பெனியின் ஏஜென்ட் இஸ்திரி குலையாத கோட்டில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் கம்பெனி நிறுவனர். அவரேதான் கண்டுபிடிப்பாளர். கூட்டத்தை முடித்துக்கொண்டு வேறு எங்கோ போக வேண்டியவர்போலக் கைக்கடிகாரத்தைத் திருகிக்கொண்டிருந்தார். பின்வரிசையில் நர்சும் கம்பவுண்டரும். நடுவில் மேலதிகாரி.

"முதல்ல ஒரு சின்ன சந்தேகம்" என்றாள் கத்தரி. "படம் மூணுல 305 என்ன?"

"அச்சுப் பிழை" என்றார் ஏஜென்ட், நிமிராமலே.

கத்தரி முப்பத்து நான்காம் பக்கத்தின் நகலை நீட்டினாள். கையெழுத்து இருந்த இடத்தை ஒரு வெள்ளைத் தாள் மறைத்திருந்தது. ஏஜென்ட் படித்தார். அசரவில்லை.

"இது ஒரு கிளினிக்கோட உள் புத்தகம். வெளியான ஆவணம் ஆகாது."

"நூல்ல கட்டிக் கவுண்டர்ல தொங்குது!" என்று பின்னாலிருந்து கம்பவுண்டர் முழங்கினார். "வர்றவன் போறவன் எல்லாம் படிப்பான். என்னைத் திட்டினதை வாய்விட்டுப் படிச்சுச் சிரிப்பான்!"

"யாரு வேணா படிக்கலாம்னா போதும்" என்றார் மேலதிகாரி. "மேல சொல்லுங்க."

"சரி. போர்டு இருந்ததாவே வெச்சுக்குவோம்" என்றார் ஏஜென்ட். "அது மனுஷன் செய்யற வேலை. எங்களுது கம்ப்யூட்டர் செய்யறது."

"கம்ப்யூட்டர்ல போடுன்னு அதுலயே இருக்கு. கடைசிக்கு முந்தின வரி" என்றாள் கத்தரி.

ஏஜென்ட் இப்போது நிமிர்ந்தார். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே கத்தரி காத்திருந்தாள்.

"மேடம், உங்களுக்கு நான் சட்டம் சொல்லித் தரக் கூடாது. ஒரு விஷயம் யாருக்கும் தோணக்கூடியதான்னு கேக்கும்போது, யாருக்கு? துறை அறிந்தவருக்கு. அரை நாள்ல எழுதிடலாம்னு உளறியிருக்கற இந்த ஆள் யாரு? கால் உடைஞ்ச ஒரு நோயாளி. காய்கறிக்காரரோ, கண்டக்டரோ! புரோகிராமைப் பத்தி அவருக்கு என்ன தெரியும்?"

"எழுதினவர் துறை அறிந்தவரா இருந்தா?"

"இருந்தா இந்த விண்ணப்பத்தைப் பத்தி நான் வாயே திறக்க மாட்டேன்."

"குறிச்சுக்கோ குண்டூசி."

"குறிச்சாச்சு மேடம். அடிக்கோடும் போட்டாச்சு."

நிறுவனர் கைக்கடிகாரத்தை விட்டுவிட்டார். நகலை இழுத்து ஒரு முறை படித்தார். அவர் முகம் போன போக்கைப் பார்த்து ஏஜென்டின் சிரிப்பு பாதியில் நின்றது. கத்தரி மூலப் புத்தகத்தைத் திறந்து மேலதிகாரி முன்னால் வைத்தாள். பக்கத்திலேயே விண்ணப்பத்தின் கடைசிப் பக்கத்தை வைத்தாள். இரண்டிலும் ஒரே கையெழுத்து, வாலை மூன்று சுற்றுச் சுற்றியது. புகாரில் அதன் கீழே கோபத்தோடு கோபமாகத் தன் தகுதியையும் எழுதியிருந்தார் அந்த நோயாளி: 'மென்பொருள் பொறியாளர், பதினான்கு வருட அனுபவம்.'

கம்பவுண்டர் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார், "அட, பத்தொன்பதாம் நம்பர்! வலது கால்!"

"அது... ஏதோ கோபத்துல கிறுக்கினது" என்றார் நிறுவனர்.

கத்தரி மேசையில் ஓங்கி அடித்தாள். மேலதிகாரியே நாற்காலியில் ஒரு அங்குலம் பின்னால் போனார்.

"கோபத்துல எழுதினீங்க. பொய் எழுத உங்களுக்கு அப்ப அவசியம் இல்லை. அரை நாள் வேலைன்னு எழுதினீங்க. மூணு வருஷம் கழிச்சு அதையே பதினெட்டு மாச ஆய்வுன்னு எழுதினீங்க. போர்டைக் கழட்டினீங்க, 305-ஐ அடிச்சீங்க. உங்க புகாரை மட்டும் மறந்துட்டீங்க. இவர் வெச்ச வழக்கம், இந்தம்மா சும்மா குடுத்த புரோகிராம், ரெண்டுக்கும் நடுவுல பூந்து வேலியைப் போட்டுக்கிட்டு, அவங்களை வெளிய நிக்கச் சொல்றீங்களே, கூசலையா உங்களுக்கு?"

"போதும்" என்றார் மேலதிகாரி. ஆனால் அது கத்தரியைப் பார்த்துச் சொன்னது இல்லை. பேனாவை எடுத்தார். "ஏஜென்ட் சார், நீங்க ஏதாவது சொல்லணுமா?"

ஏஜென்ட் வாயே திறக்கவில்லை. விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

உத்தரவின் நகலில் முத்திரை காய்வதற்குள் மணி ஐந்து அடித்துவிட்டது. வராந்தாவில் கத்தரி அதை நர்சிடம் கொடுத்தாள். குண்டூசி இரண்டு கையையும் விரித்து ஒரு பெரிய வாழ்த்துக்குத் தயாராக நின்றான்.

நர்ஸ் உத்தரவை முழுக்கப் படித்தாள். நிமிர்ந்தபோது அவள் கண்ணில் ஈரம் இல்லை.

"மேடம், ஒண்ணு கேக்கட்டுமா? பதினோரு வாரத்துக்கு முன்னாடி, முதல் நாளே உங்க ரூம்ல உக்காந்து நான் என்ன சொன்னேன்? இது எல்லாருக்கும் தெரிஞ்சது, அரை நாள் வேலைன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"நானும் புரோகிராம் எழுதறவதானே? அவர் சொன்னா ஆதாரம். நான் சொன்னா வெறும் பேச்சா?"

அவள் சொன்ன தேதி விண்ணப்பத்துக்குப் பிந்தியது, அதனால் சட்டப்படி செல்லாது. பதில் கத்தரியின் நாக்கு நுனி வரை வந்தது. அவளுக்கே அது கசந்தது. சொல்லவில்லை.

"அஞ்சரைக்கு எங்க ஆஸ்பத்திரி சூப்பிரண்டு கிளம்பிடுவார்" என்று உத்தரவைப் பைக்குள் வைத்துக்கொண்டு நர்ஸ் விறுவிறுவென்று படியிறங்கிப் போனாள். கம்பவுண்டர் புத்தகத்தை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "இரும்மா, நானும் வர்றேன், கேக்கலைன்னா நான் கத்தறேன்" என்று பின்னாலேயே ஓடினார்.

குண்டூசி விரித்த கைகளை மெல்ல மடக்கிக்கொண்டான்.

"என்ன மேடம் இது, ஒரு தேங்க்ஸ்கூடச் சொல்லாம போறாங்க?"

கத்தரி திரும்பிய வேகத்தில் அவன் ஒரு அடி பின்னால் போனான். காது மடல் இரண்டும் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தன.

"எதுக்குய்யா சொல்லணும்? அவங்களுதை அவங்களுக்கே குடுக்க நாம பதினோரு வாரம் எடுத்துக்கிட்டதுக்கா?"